ரேடியேட்டர் மாற்றும் முன் காற்றின் வழியைப் பாருங்கள்

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்கள் பானட்டைத் தூக்கியதும் ஒரு நிறத்தைத்தான் தேடுவார்கள். ரேடியேட்டரின் மேல்தொட்டி புதிதாக இருக்கும்போது நல்ல கருப்பாக இருக்கும். சில ஆண்டுகள் ஓடியபின் பாசி படிந்ததுபோல் ஒரு பச்சைச் சாயல் ஏறும். அதற்கும் பிறகு பால் கலக்காத காப்பியின் பழுப்பு. பழுப்பு வந்துவிட்டால் தொட்டியின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேருகிற மடிப்பில் மயிரிழை அளவுக்கு விரிசல் ஓடியிருக்கும். அதையொட்டி, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் காய்ந்து உப்புப் பூத்ததுபோல் படிந்திருக்கும். கண்ணாடி இழை கலந்த நைலானால் ஆன தொட்டி அது. பல ஆண்டுச் சூடும், உறையாமல் காக்கும் கிளைகால் கலந்த நீரும் அதை மெல்ல மெல்ல நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. 1990களின் பி.எம்.டபிள்யூ எம்3 கார்களிலும் இதே கதைதான். அங்கே ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்து, கழற்றும்போதே கையோடு உடைந்து வருவது உண்டு.

ஆக, இந்தக் கார்களில் ரேடியேட்டர் மாற்றுவது எப்போதாவது வந்தே தீரும் வேலை. கேள்வி எதை வாங்குவது என்பதில்தான் தொடங்குகிறது. தொழிற்சாலையில் பொருத்தியதைப் போன்ற ஒன்றா, பளபளக்கும் முழு அலுமினியமா, 36 மில்லிமீட்டர் தடிமனா, 55 மில்லிமீட்டரா? விளம்பரங்கள் எல்லாம் தடிமனைச் சொல்லியே விற்கின்றன. ஆனால் தடிமன் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் பார்க்க வேண்டியது காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்பது.

என் சித்தப்பா மகன் இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டு எம்எக்ஸ்-5 ஒன்றை வைத்திருக்கிறான். 1.6 லிட்டர் எஞ்சின். பழுப்புத் தொட்டி கசியத் தொடங்கியதும், கிடைத்ததிலேயே தடிமனான 52 மில்லிமீட்டர் அலுமினிய ரேடியேட்டரை வாங்கி மாட்டினான். சாலையில் எந்தக் குறையும் இல்லை. பந்தயத் தடத்தில் பொதுமக்கள் தங்கள் காரை ஓட்டிப் பார்க்கும் ஒரு நாளில் நான்காவது சுற்று முடியும் முன்பே வெப்பமானி முள் ஏறத் தொடங்கிவிட்டது. "அண்ணா, இவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டும் ஏன் கொதிக்கிறது?" என்று தொலைபேசியில் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டேன்.

அந்த எஞ்சினின் திறன் சுமார் 115 குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 85 கிலோவாட். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் சக்தி மூன்று பக்கமாகப் பிரிகிறது என்று தோராயமாகச் சொல்லலாம்: ஒரு பங்கு சக்கரத்துக்கு, ஒரு பங்கு புகைக்குழாய் வழியாக, ஏறக்குறைய ஒரு பங்கு கூலன்டுக்கு. முழு ஆக்ஸிலேட்டரில் கூலன்டுக்குள் இறங்கும் வெப்பத்தை 70 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் கீசர்கள் 35 ஒரே நேரத்தில் எரிவதற்குச் சமம் அது. நகரச் சாலையில் அந்த அளவை நாம் சில நொடிகளுக்கு மேல் தொடுவதே இல்லை. தடத்தில் சுற்றின் பெரும்பகுதி அதிலேயே கழிகிறது. அதனால்தான் சாலையில் சாதுவாக இருக்கும் கார் தடத்தில் கொதிக்கிறது.

இந்த 70 கிலோவாட்டை யார் சுமந்து போகிறார்கள்? வாட்டர் பம்ப் நொடிக்கு 2 லிட்டர் கூலன்டைத் தள்ளுகிறது என்றால், ரேடியேட்டரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் அது சுமார் 10 டிகிரி மட்டுமே குளிர்கிறது. அவ்வளவே போதும். அதே வெப்பத்தைக் காற்று எடுத்துப் போக வேண்டுமானால், காற்று 40 டிகிரி சூடேறி வெளியேறுவதாக வைத்தாலும், நொடிக்கு ஒன்றரைக் கன மீட்டர் காற்று, ரேடியேட்டரின் குழாய்கள் அடுக்கிய நடுப்பகுதியான கோரின் வழியாகப் பாய வேண்டும். இந்தப் பக்கம் 2 லிட்டர் கூலன்ட், அந்தப் பக்கம் 1500 லிட்டர் காற்று. காற்று அத்தனை மெலிந்தது. உலோகத்திலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்வதிலும் நீரைவிட மிகவும் மந்தமானது. குழாய்களுக்கு இடையே ஃபின் எனப்படும் மெல்லிய தகடுகளை மடித்து மடித்து அடுக்கியிருப்பது காற்றின் இந்த மந்தத்தை ஈடுகட்டத்தான். நீர்ப்பக்கத்தில் அப்படி எதுவும் தேவைப்படுவதில்லை.

இந்த ஒரு கணக்கு மனதில் நின்றுவிட்டால் மற்ற முடிவுகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

அவனிடம் நான் முதலில் கேட்டது காருக்கு அடியில் என்ன இருக்கிறது என்றுதான். ஒன்றும் இல்லை என்றான். எம்எக்ஸ்-5இன் மூக்குக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் அடித்தட்டு உண்டு. எண்ணெய் மாற்றும்போது இடைஞ்சலாக இருப்பதால் யாராவது ஒருவர் அதைக் கழற்றுவார். திருகுகள் துருப்பிடித்து உடைந்திருக்கும். திரும்ப மாட்ட மாட்டார். பார்வைக்கு அது சேறு படாமல் காக்கும் ஒரு தட்டு. உண்மையில் பம்பரின் வாய் வழியாக நுழைந்த காற்று கீழே நழுவிவிடாமல் ரேடியேட்டரை நோக்கித் திருப்பிவிடுவதே அதன் வேலை. அது இல்லாவிட்டால் ரேடியேட்டருக்குப் பின்புறமும் கெடுகிறது: வண்டிக்கு அடியில் பாயும் காற்று எஞ்சின் அறைக்குள் ஏறி அங்கே அழுத்தத்தைக் கூட்டுகிறது. முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால்தான் காற்று கோரின் வழியாகப் போகும். பின்னாலும் அழுத்தம் ஏறிவிட்டால் அது ஏன் அந்த நெருக்கடியான வழியில் போக வேண்டும்?

அடுத்தது இடுக்குகள். இரவில் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, பம்பரின் வாய் வழியாக ஒரு டார்ச் விளக்கை உள்ளே அடிக்கச் சொன்னேன். கோரைத் தவிர வேறு எங்கெல்லாம் வெளிச்சம் தப்பித்து வருகிறதோ அங்கெல்லாம் காற்றும் தப்பித்துப் போகும். படம் எடுத்து அனுப்பினான். ரேடியேட்டரின் இருபுறமும் விரல் நுழையும் இடைவெளி. மேலே, பானட் பூட்டுத் தகட்டுக்குக் கீழே, நீளமாக ஒரு வெளிச்சக் கோடு. புதிய ரேடியேட்டர் பழையதைவிடத் தடிமனாக இருந்ததால் தொழிற்சாலை வைத்திருந்த ரப்பர் பட்டைகளும் பொருந்தாமல் எடுத்தெறியப்பட்டிருந்தன. காற்றுக்குச் சுலபமான வழி கிடைத்தபின் அது ஃபின்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகாது.

அடித்தட்டு ஒன்றைப் பழைய பொருள் விற்பவரிடம் வாங்கிப் பொருத்தினான். இடுக்குகளை நுண்துளை மூடிய ஃபோம் பட்டையாலும் வெட்டிய அலுமினியத் தகட்டாலும் அடைத்தான். அடுத்த முறை அதே தடத்தில், அதே ரேடியேட்டரோடு, முள் நகரவில்லை. செலவு ரேடியேட்டர் விலையில் ஒரு சிறு பகுதி.

இது இன்று கண்டுபிடித்த ஞானம் இல்லை. 1930களில் பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் மெரடித் என்ற பொறியாளர் விமான ரேடியேட்டரை ஒரு பாதைக்குள் அடைத்து ஆராய்ந்தார். காற்று சிறிய வாயில் நுழைந்து, அகன்று, வேகம் குறைந்து, அழுத்தம் கூடி, அதன்பின் கோரைக் கடக்க வேண்டும். பிறகு குறுகி வேகமெடுத்து வெளியேற வேண்டும். இரண்டாம் உலகப் போரின் பி-51 மஸ்டாங் விமானத்தின் வயிற்றில் தொங்கும் காற்றுப் பெட்டி இந்தக் கருத்தில் பிறந்ததுதான். பந்தயக் கார்களில் ரேடியேட்டரைவிட அதன் வாய் ஏன் மிகச் சிறியதாக இருக்கிறது என்று வியப்பவர்களுக்கும் விடை இதிலேயே இருக்கிறது. வாயைப் பெரிதாக வெட்டுவதால் குளிர்ச்சி கூடாது. உள்ளே வந்த காற்று முழுவதும் கோருக்குள் போனால்தான் கூடும்.

இனி தடிமனுக்கு வரலாம். கோரின் முன்முகத்தைத் தொடும் காற்று குளிர்ந்தது. 20 மில்லிமீட்டர் உள்ளே போவதற்குள் அது கணிசமாகச் சூடேறிவிடும். 50ஆவது மில்லிமீட்டரில் இருக்கும் ஃபின்னுக்குக் கிடைப்பது ஏற்கெனவே வெந்த காற்று. அது கூலன்டிலிருந்து வாங்கிக்கொள்வது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கூடுதல் தடிமன் காற்றுக்குக் கொடுக்கும் தடை முழுமையானது. அதனால் தடிமனை இரட்டித்தால் குளிர்ச்சி இரட்டிப்பதில்லை. வேகம் குறைவாக இருந்து, ஃபேனும் பலவீனமாக இருந்தால், தடித்த கோர் மெல்லியதைவிட மோசமாகவும் நடந்துகொள்ளலாம். முன்முகப் பரப்பைக் கூட்ட இடம் இருந்தால் அதையே கூட்டுங்கள். எம்எக்ஸ்-5 போன்ற சிறிய மூக்கில் அந்த இடம் இல்லை என்பதால்தான் தயாரிப்பாளர்கள் தடிமனை நோக்கிப் போகிறார்கள். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) இல்லாத எம்எக்ஸ்-5க்கு 36 மில்லிமீட்டருக்கு மேல் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அதுகூடத் தடத்துக்குத்தான், சாலைக்கு மட்டும் என்றால் தொழிற்சாலை அளவிலான நல்ல ரேடியேட்டர் போதும்.

"இரண்டு வரிசை", "மூன்று வரிசை" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 25 மில்லிமீட்டர் அகலக் குழாய்கள் இரண்டு வரிசை இருப்பதும், 16 மில்லிமீட்டர் குழாய்கள் மூன்று வரிசை இருப்பதும் ஏறக்குறைய ஒரே தடிமன்தான். அதைவிட, குழாய்க்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியையும் ஃபின்களின் நெருக்கத்தையும் பார்க்க வேண்டும். மலிவான தடித்த ரேடியேட்டர்களில் ஃபின்கள் ஒன்றுக்கொன்று அகன்ற இடைவெளியில் இருப்பதையும், சில இடங்களில் குழாயோடு ஒட்டாமல் நிற்பதையும் கண்ணாலேயே பார்க்கலாம். ஒட்டாத ஃபின் வெப்பத்தை வாங்காது. காற்றை மட்டும் தடுக்கும். மறுபுறம், ஃபின்கள் மிக நெருக்கமாக இருந்தால் தூசியும் பூச்சியும் தடத்தில் தேய்ந்து பறக்கும் டயர் துகள்களும் அடைத்துக்கொள்ளும்.

செம்பா அலுமினியமா என்ற வாதம் நம் ஊர் ரேடியேட்டர் பட்டறைகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. தொட்டியைப் பற்றவைப்பு விளக்கால் சூடாக்கிக் கழற்றி, குழாய்க்குள் கம்பி விட்டுக் குத்தி, ஈயம் வைத்து மூடித் தரும் அந்தக் கைவேலையை நான் மதிக்கிறேன். செம்பின் வெப்பக் கடத்துத்திறன் அலுமினியத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல் என்பதும் உண்மை. ஆனால் பழைய ரேடியேட்டர் முழுவதும் செம்பு இல்லை. ஃபின்கள்தான் செம்பு, குழாய்கள் பித்தளை, இரண்டையும் பிணைப்பது ஈயம் கலந்த சால்டர், வெப்பத்தைக் கடத்துவதில் அது மிகவும் பின்தங்கியது. பித்தளைக் குழாயை அகலமாகச் செய்தால் அழுத்தத்தில் உப்பிவிடும். சுவரைத் தடிப்பாக்கினால் எடை ஏறும். அலுமினியத்தின் அடர்த்தி செம்பில் மூன்றில் ஒரு பங்கையும் எட்டாது என்பதால் அகலமான, உறுதியான குழாய்களைச் செய்ய முடிகிறது. குழாயும் ஃபினும் உலையில் ஒரே உடலாகப் பிணைகின்றன. கோரில் காற்றுக்குத் திறந்த பங்கும் ஃபின் தொடும் பரப்பும் கூடுகின்றன. செயல்திறன் காருக்கு அலுமினியமே சரி என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

உலோகத்தைவிட அமைப்பே முக்கியம் என்பதற்கு மிகப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1901 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகரப் பந்தய வாரத்தில் 35 குதிரைத்திறன் மெர்சிடஸ் கார் எல்லோரையும் திகைக்க வைத்தது. வில்ஹெல்ம் மேபாக் அதற்காகத் தேன்கூட்டு ரேடியேட்டரை வடிவமைத்திருந்தார். 6 மில்லிமீட்டர் பக்கம் கொண்ட 8,070 சதுரக் குழாய்கள் அதில் இருந்தன. காற்று குழாய்களுக்குள் பாய்ந்தது, தண்ணீர் அவற்றைச் சுற்றி ஓடியது. பின்னால் ஒரு விசிறி. மொத்தம் 9 லிட்டர் தண்ணீரே போதுமானதாக இருந்தது. முன்பு தேவைப்பட்டதில் அது பாதி. அன்றைய செயல்திறன் கார் பிறந்ததில் எஞ்சினுக்கு எவ்வளவு பங்கோ, காற்றைத் தொடும் பரப்பைப் பெருக்கிய அந்த மனிதரின் கைக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பேன்.

தொட்டி பிளாஸ்டிக்கா, வெல்டிங் செய்த அலுமினியமா? ஆயுளைப் பொறுத்தவரை நல்ல வெல்டிங் வெல்லும். மோசமான வெல்டிங் பிளாஸ்டிக்கிடம் தோற்கும். அலுமினியத் தொட்டியின் எதிரி அதிர்வு. தொழிற்சாலை ரேடியேட்டர் ரப்பர் புஷ்களில் மிதந்தபடி நிற்கும். மாற்று ரேடியேட்டரின் கீழ்க் கால்கள் அந்த ரப்பரில் சரியாக உட்காராமல் போல்ட்டால் இறுக்கப்பட்டால், வண்டியின் சட்டம் முறுக்கும் ஒவ்வொரு முறையும் ரேடியேட்டரும் முறுக்கும். முதலில் விரிவது வெல்டின் ஓரம். ஆகவே வாங்கும் முன் மேல் தாங்கிகள், கீழ்க் கால்கள், ஃபேன் பொருத்தும் துளைகள், வடிகால் திருகு எல்லாம் அந்தக் காருக்குரிய இடத்தில் இருக்கின்றனவா என்று அளவு கேட்டுச் சரிபார்ப்பது பளபளப்பைப் பார்ப்பதைவிட முக்கியம். ஃபேனுக்கும் எஞ்சினுக்கும் இடையே எவ்வளவு இடம் மிச்சம் என்பதையும் அப்போதே அளந்துவிட வேண்டும்.

ஃபேன் என்றதும் சொல்ல வேண்டும்: வண்டி ஓடும்போது அது தேவையில்லை, நிற்கும்போது அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. கோர் முழுவதையும் சூழ்ந்த கூடு இல்லாத ஃபேன், தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியை மட்டுமே குளிர்விக்கும். பணத்தை மிச்சப்படுத்தக் கூட்டை விட்டுவிடுகிறவர்கள் போக்குவரத்து நெரிசலில் வருந்துகிறார்கள்.

ரேடியேட்டரின் மூடி சிறியதாக இருந்தாலும் அது அழுத்தத்தைக் காக்கும் ஒரு வால்வு. அமைப்புக்குள் 1 பார் அழுத்தம் இருந்தால் தூய நீரின் கொதிநிலை 100லிருந்து சுமார் 120 டிகிரிக்கு ஏறும். கிளைகாலும் நீரும் சரிபாதி கலந்தால் 130ஐ நெருங்கும். ரேடியேட்டரை மாற்றும்போது மூடியையும் மாற்றிவிடுவது நல்லது. ஆனால் அளவுக்கு மீறிய அழுத்த மூடியைப் போட்டால், பழைய ஹோஸும் ஹீட்டர் கோரும் அதைத் தாங்க வேண்டியிருக்கும். கிளைகால் உறைவைத் தடுக்கிறது. அதோடு கலந்து வரும் அரிப்புத் தடுப்பான்கள் துருவைத் தடுக்கின்றன. வெப்பத்தைச் சுமப்பதில் கிளைகால் நீரைவிடக் கீழே. சிந்தினால் தடம் வழுக்கும் என்பதால் பல பந்தய அமைப்புகள் அதைத் தடை செய்து, அரிப்புத் தடுப்பான் கலந்த நீரையே அனுமதிக்கின்றன. நீர் எதுவானாலும் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. சென்னையில் கெட்டிலின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணம் மில்லிமீட்டர் கணக்கில் உள்ள குழாய்க்குள்ளும் படியும். உப்புக் கலந்த நீர் அலுமினியத்தை அரிக்கவும் செய்யும்.

எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வுதான் தெர்மோஸ்டாட். கொதிக்கிற வண்டிக்கு அதைக் கழற்றி எறிவது இன்னொரு பழக்கம். இதன் எதிர்முனையில், "தண்ணீர் வேகமாக ஓடினால் குளிர நேரம் கிடைக்காது" என்ற நம்பிக்கை. இரண்டுமே பிழை. தண்ணீர் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மெதுவாக ஓடினால் ரேடியேட்டரில் அதிக நேரம் நிற்பதுபோலவே எஞ்சினுக்குள்ளும் அதிக நேரம் நின்று சூடேறும். வேகம் கூடினால் கோர் முழுவதும் சீரான சூட்டில் இருக்கும். காற்றுக்குக் கொடுக்கும் வெப்பம் கூடும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வரத் தாமதமாகி, எண்ணெய் தடித்து, உறுப்புகள் தேயும். பழைய தெர்மோஸ்டாட் சந்தேகமாக இருந்தால் புதியது போடுங்கள்.

டர்போ பொருத்திய காரில் கணக்கு மாறுகிறது. கூடுதல் எரிபொருள் என்றால் கூடுதல் வெப்பம். அதோடு, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று சூடான காற்றைத் தள்ளுகிறது, அதற்குப் பின்னால் ஏர்கண்டிஷனரின் கண்டென்சர், அப்புறம்தான் ரேடியேட்டர். வரிசையில் கடைசியாக நிற்பவருக்கு மிஞ்சியதே கிடைக்கும். இங்கே தடித்த கோருக்கு நியாயம் உண்டு. தனி எண்ணெய்க் குளிர்விப்பான் வைத்து, எண்ணெய் சுமக்கும் வெப்பத்தைப் பிரித்து அனுப்புவதையும் அப்போதே யோசிக்க வேண்டும்.

ரேடியேட்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தீராத ஒரு குறை எம்எக்ஸ்-5க்கு உண்டு. அதன் எஞ்சின் குடும்பம் முன்சக்கர ஓட்டக் கார்களில் குறுக்குவாட்டில் உட்கார்ந்தது. அங்கே கூலன்ட் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். அதைத் திருப்பி நெடுக்குவாட்டில் வைத்தபோது, வெளியேறும் வழியையும் முன்பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். நுழைவதும் வெளியேறுவதும் ஒரே பக்கம் என்பதால், கடைசியில் இருக்கும் நான்காவது சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக ஓடுகிறது. சாலைக்கு இது பொருட்டல்ல. டர்போ வைத்துத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் வெளியேறும் வழியை மீண்டும் பின்முனைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அந்த நிலையில் இருப்பவர் இன்னும் தடித்த ரேடியேட்டரைத் தேடுவது வீண்.

எதை வாங்கினாலும் வாங்குவதற்கு முன்பு ஓர் எண் வேண்டும். பல கார்களின் வெப்பமானி முள் நம்மைப் பதற்றப்படுத்தாதபடி நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்பட்டது. சுமார் 75 டிகிரியிலும் அது நடுவில்தான், 110 டிகிரியிலும் நடுவில்தான். முள் நகரும்போது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளையத் தொடங்கியிருக்கலாம். கூலன்ட் எஞ்சினைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒரு தனி உணரியைப் பொருத்தி, எண்ணைக் காட்டும் மானியை வையுங்கள். ரேடியேட்டருக்குப் பிறகான ஹோஸிலும் ஒன்றை வைத்தால் இன்னும் தெளிவு. இரண்டுக்கும் வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் நீரோட்டம் குறைவு: பம்ப், அடைப்பு, தெர்மோஸ்டாட். வித்தியாசம் குறைவாக இருந்தும் இரண்டுமே ஏறிக்கொண்டே போனால் காற்று போதவில்லை, அல்லது கோர் போதவில்லை.

சித்தப்பா மகன் அந்த மானிகளை வைத்த பிறகு, பிடிவாதமாக ஒரு சோதனை செய்தான். 52 மில்லிமீட்டரைக் கழற்றிவிட்டு 36 மில்லிமீட்டர் ஒன்றைக் கடனாக வாங்கி மாட்டினான். அடித்தட்டு, ஃபோம் பட்டை எல்லாம் அப்படியே. வண்டியின் மூக்கை உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, காற்றுக்குமிழி வருவது நிற்கும்வரை பொறுமையாகக் கூலன்ட் நிரப்பினான். அதே தடம், ஏறக்குறைய அதே வெயில், ஆறு சுற்றுகள். வெளியேறும் கூலன்ட் 96 டிகிரியில் நின்றது. தடித்ததோடு ஓடியபோது 95. அந்த ஒரு டிகிரிக்காக, தடித்ததற்கு இடம் செய்ய ஃபேன் கூட்டை அறுத்திருந்தான் என்பதைச் சொல்லும்போது அவன் குரலில் வருத்தம் தெரிந்தது. இப்போது கடன் வாங்கியதைத் திருப்பித் தராமல், அதையே விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.